கம்பெனிக்கு எந்த ஊர்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் ஹைடெக் பூங்காவில் எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றாலும், பெயர்ப்பலகையில் கம்பெனிப் பெயரோடு பன்னிரண்டு இலக்கப் பதிவெண் ஒன்று இருக்கும். மலேசிய நிறுவன ஆணையம், அதாவது எல்லோரும் எஸ்.எஸ்.எம். என்று சொல்லும் அலுவலகம், 2019 அக்டோபரில் கொண்டுவந்த எண்முறை அது. முதல் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு இலக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 01 என்றால் உள்ளூர்க் கம்பெனி, 02 என்றால் வெளிநாட்டுக் கம்பெனி.

இன்ஃபினியன் ஜெர்மனிக்காரர்களுடையது. ஏ.டி. அண்ட் எஸ். ஆஸ்திரியாவிலிருந்து வந்தது, ஃபர்ஸ்ட் சோலார் அமெரிக்காவிலிருந்து. மூன்றும் கூலிமில் பெரிய ஆலைகளை நடத்துகின்றன, மூன்றும் இங்கே ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்ற உள்ளூர்த் தனியார் கம்பெனிகளாகவே பதிவாகியிருக்கின்றன. பதிவேட்டின் கணக்கில் அவை மண்ணின் மைந்தர்கள்.

அதே கம்பெனி நில அலுவலகத்துக்குப் போனால் கதை மாறிவிடும். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, வாக்குரிமைப் பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டார் கையில் இருந்தால் அது வெளிநாட்டுக் கம்பெனி. எஸ்.எஸ்.எம். எந்த எண்ணைக் கொடுத்திருந்தாலும் சரி, நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். வருமான வரி அலுவலகத்தில் அளவுகோல் இன்னும் கறாரானது. பங்கு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டார் கையில் இருந்தால், சிறு தொழிலுக்கான சலுகை வரி கிடையாது. ஒரே நாட்டில், ஒரே கம்பெனி ஒரு கவுண்டரில் உள்ளூர், அடுத்த கவுண்டரில் அயலூர்.

வெளிநாட்டில் தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் கேட்பது, எந்த நாட்டில் பதிவு செய்தால் லாபம் என்பதுதான். சிங்கப்பூரா, லாபுவானா, துபாயா என்று விலைப்பட்டியலோடு பதில் சொல்ல ஏஜெண்டுகள் எங்கும் காத்திருக்கிறார்கள். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் திரண்ட ஊர், நிலம் கிடக்கும் ஊர், முடிவெடுப்பவர் உட்கார்ந்திருக்கும் ஊர், பதிவேட்டில் பெயர் ஏறிய ஊர் என்று ஒரு கம்பெனிக்கு நான்கு ஊர்கள் உண்டு. இவற்றில் எளிதில் மாற்றக்கூடியதும் கடைசியில் மிகக் குறைவாக எடைபோடுவதும் பதிவேட்டின் ஊர்தான். இதைக் காட்டுவதற்குக் கெடாவைப் போல் நல்ல இடம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக வெளியூர்ப் பணமும் வெளியூர்க் கம்பெனியும் வெளியூர்த் தொழிலாளியும் வந்து சேர்ந்த மண் அது.

கெடா என்றதும் கடாரத்திலும் ராஜேந்திர சோழனிலும் தொடங்குவது நம் வழக்கம். இங்கே வேண்டாம். எதிர்த்திசையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தவன் ராஜராஜன். அந்த ஆணை இன்றும் செப்பேட்டில் இருக்கிறது. கட்டியவன் எந்த நாட்டு வேந்தனாக இருந்தாலும், நிலத்து உரிமையை எழுதிக்கொடுக்க வேண்டியவன் அந்த நிலத்தை ஆள்பவன்தான்.

ரப்பர் காலத்துக் கெடாவில் இந்த உண்மை கம்பெனிக்காரர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1890-களிலேயே பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் ஒரு கூட்டரசாகிவிட்டன. கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1905-இல் கடனில் மூழ்கிய கெடா அரசுக்கு சயாம் 26 லட்சம் டாலர் கடன் கொடுத்து, கூடவே ஓர் ஆலோசகரையும் ஒரு மாநில மன்றத்தையும் கொண்டுவந்தது. 1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் கெடா பிரிட்டன் பக்கம் வந்தது. அப்போதும் கூட்டரசில் சேரவில்லை. தன் மன்றம், தன் சட்டம், தன் நில அலுவலகம் என்று ‘சேராத மலாய் மாநிலமாக’ நின்றது. சட்டங்களுக்கு ஹிஜ்ரி ஆண்டு எண் போட்ட மாநிலம் அது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் கூட ஹிஜ்ரி 1349 என்றே பெயர் கொண்டிருக்கிறது. நம் கணக்கில் 1930-31.

ஒப்பந்தம் கையெழுத்தான நேரத்தைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டே, 1910-இல், லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. தெற்குக் கெடாவின் கோல மூடா, கூலிம், பண்டார் பாரு மாவட்டங்களில் காடு தோட்டமானது. 1915-இல் ரயில் அலோர் ஸ்டாருக்கு வந்துவிட்டது. காடழிக்கவும் பால்வெட்டவும் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு பினாங்கில் இறங்கினார்கள். பணம் மட்டும் வேறு திசைகளிலிருந்து வந்தது.

பெரும்பகுதி லண்டனிலிருந்து. மலாயா தோட்டத்துக்கு ஏன் லண்டன் பதிவு? வரி குறைவு என்பதால் இல்லை. அங்கே பங்கு வாங்க ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு ஷில்லிங் முகமதிப்பில் பங்கு அச்சிட்டால் பாதிரியாரும் பென்ஷன்காரரும் விதவையும் வாங்கினார்கள். தங்களுக்குத் தெரிந்த சட்டம், தங்கள் மொழியில் ஆண்டறிக்கை, வழக்கு வந்தால் போகத்தக்க கோர்ட் என்று பங்குதாரர் கேட்பதைக் கொடுக்கத்தான் லண்டன் பதிவு. நிர்வாகம் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு, கத்ரி போன்ற ஏஜென்சி வீடுகளிடம் இருந்தது. தோட்டத்துத் துரை ஏஜென்சிக்குக் கணக்கு அனுப்புவார், ஏஜென்சி லண்டன் போர்டுக்கு அனுப்பும். பால்மரத்தை ஒருமுறை கூடப் பார்க்காத டைரக்டர்கள் ஈவுத்தொகையைத் தீர்மானிப்பார்கள். 1906-லிருந்து மலாயாவில் புழங்கிய டாலர் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று பவுனோடு கட்டப்பட்டிருந்ததால், நாணய மாற்றில் நஷ்டம் வரும் என்ற பயமும் யாருக்கும் இல்லை.

சிங்கப்பூரில், பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை ‘டாலர் கம்பெனிகள்’. பினாங்கு, சிங்கப்பூர்ச் சீன முதலாளிகள் அந்த வழியில் போனார்கள், அல்லது கம்பெனியே இல்லாமல் சொந்தப் பெயரில் தோட்டம் வைத்தார்கள். சுங்கைப்பட்டாணி டவுன் நடுவில் நிற்கும் மணிக்கூண்டை 1936-இல் கட்டிக்கொடுத்த லிம் லியன் தெங் பினாங்கு நார்த்தம் ரோட்டில் மாளிகை வைத்திருந்த ரப்பர் முதலாளி. கெடாவில் மரம், பினாங்கில் வீடு. இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதிவு முகவரி, இந்தப் பக்கம் பட்டறை என்று நடக்கும் தொழில்கள் ஏராளம்.

மூன்றாவது வகைதான் வேடிக்கையானது. 1910 ரப்பர் மோகம் ஷாங்காயையும் பிடித்து ஆட்டியது, அந்த ஆண்டே அங்கே பங்குகள் சரிந்து சீன வங்கிகள் பல கவிழ்ந்தன. அதற்குப் பிறகும் ஷாங்காய் சந்தையில் மலாயா தோட்டப் பங்குகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ‘ஷாங்காய் கெடா பிளான்டேஷன்ஸ்’ என்றே ஒரு கம்பெனி இருந்தது. ஷாங்காயில் இயங்கிய பிரிட்டிஷ் கம்பெனிகள் பதிவாவது ஹாங்காங் சட்டத்தின் கீழ். ஆக, பணம் ஷாங்காயில், சட்டம் ஹாங்காங்கில், நிலம் கெடாவில், வேலையாள் தஞ்சாவூரிலும் சேலத்திலும் இருந்து வந்தவர். இதில் கம்பெனியின் சொந்த ஊர் எது என்று யார் சொல்வது?

அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரிக்காரருக்கு வந்தது. மலாயாவில் 1948 வரை நிரந்தரமான வருமான வரியே கிடையாது. இரண்டு உலகப் போர்களின்போது தற்காலிகமாக வந்து போனதோடு சரி. அதனால் தோட்டத்து லாபத்துக்கு வரி விழுவதும் விழாததும் கம்பெனி எங்கே ‘வசிக்கிறது’ என்பதைப் பொறுத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் அதிக லாப வரி விதித்தது. 1917-இல் அது 80 சதவீதம். லண்டன் கம்பெனி அழுதது, சிங்கப்பூர்க் கம்பெனி சிரித்தது.

ஆனால் வசிப்பிடம் என்றால் பதிவு அலுவலகம்தானா? 1906-இலேயே பிரபுக்கள் சபை இதற்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. டி பியர்ஸ் வைரக் கம்பெனி பதிவானது தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில், சுரங்கமும் அங்கே. முக்கிய முடிவுகளை டைரக்டர்கள் லண்டனில் எடுத்தார்கள், அதனால் கம்பெனி வசிப்பது லண்டனில்தான் என்றது தீர்ப்பு. 1920-களின் இறுதியில் மறுபுறமும் தெளிவானது. லண்டனில் பதிவாகி, நிர்வாகத்தை முழுக்கக் கெய்ரோவுக்கு மாற்றிக்கொண்ட எகிப்திய நிலக் கம்பெனி ஒன்று பிரிட்டனில் வசிக்கவில்லை என்றார்கள். போர்டு கூடும் மேஜை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கம்பெனியின் வீடு. இது தெரிந்ததும் மேஜையை நகர்த்த எல்லோருக்கும் ஆசை வந்தது. 1951-இல் பிரிட்டன் சட்டம் போட்டு, கருவூலத்தின் அனுமதி இல்லாமல் எந்தக் கம்பெனியும் வசிப்பிடத்தை மாற்றக்கூடாது என்று கதவைச் சாத்தியது.

இதே கேள்வியை நம்மவர்கள் இன்னும் நுட்பமாகச் சந்தித்தார்கள். கெடாவின் டவுன்களில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கம்பெனிப் பதிவே தேவைப்படவில்லை. அவர்களுக்கு இருந்தது விலாசம். பாட்டன், தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த அந்த மூன்று நான்கு எழுத்துகள்தான் கம்பெனி, முத்திரை, கௌரவம் எல்லாம். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்குக்கு அதிகாரப் பத்திரத்தோடு பினாங்கில் இறங்கி, கிட்டங்கியில் பெட்டியை வைத்துவிட்டு, அலோர் ஸ்டாருக்கோ கூலிமுக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ போவார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்கு ஓர் அடுக்கு. நெல் விவசாயிக்கும் சீனத் தோட்டக்காரருக்கும் கடன், ஈடாக நிலத்து கிராண்ட். பேரேடு தமிழில். கணக்கு முடிந்தால் ஐந்தொகை கப்பலேறி ஊருக்குப் போகும்.

விலாசத்தின் பலம் அதன் வேகம். லண்டன் கம்பெனி கடிதம் எழுதி ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செட்டியார் ஏஜெண்டு கடனைக் கொடுத்து முடித்திருப்பார். பலவீனமும் அதிலேயே இருந்தது. கம்பெனி என்றால் பங்கு மூலதனத்தோடு பொறுப்பு நின்றுவிடும், விலாசத்தின் பின்னால் நிற்பதோ குடும்பத்தின் முழுச் சொத்து. 1930-களின் மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் நொடித்தபோது, பணமாக இருந்தது நிலமாக மாறிக் கையில் சேர்ந்தது. விற்றுவிட்டுப் போக ஆள் கிடைக்கவில்லை. வட்டிக்கடைக்காரர் விரும்பாமலே தோட்டக்காரர் ஆனார். மலாய் ஒதுக்கீட்டு நிலம் அவர் கைக்கு வரவும் வழியில்லை. நிலத்தை ஆள்பவர் வைத்த வேலி அது.

இந்தியாவில் வரிச் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டு லாபத்தில் ஊருக்குக் கொண்டுவந்த பணத்துக்கே பெரும்பாலும் வரி. 1939 திருத்தத்துக்குப் பின், இந்தியாவில் வசிப்பவர் என்று முத்திரை விழுந்தால் கொண்டுவராத லாபமும் கணக்கில் சேர்ந்தது. செட்டியார்களுக்கு இது பேரிடி. பதிவு செய்யும் ஊரின் மீதும் அவர்கள் கண் விழுந்தது. பக்கத்திலேயே இருந்தது புதுக்கோட்டை சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்திய வருமான வரிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே, செட்டிநாட்டிலிருந்து மாட்டு வண்டியில் போய்வரும் தூரத்தில் இருந்த தனி அரசு. குடும்பங்கள் சில அங்கே முதலீட்டுக் கம்பெனிகளைப் பதிவு செய்தன. இன்று கேமன் தீவுக்கும் மொரிஷியசுக்கும் போகிறவர்கள் செய்வதைத்தான் அவர்கள் திருமயம் தாண்டிச் செய்தார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது, அந்த அடைக்கலமும் போயிற்று. தேர்ந்தெடுத்த ஊரே தேசப்படத்திலிருந்து மறைந்துபோகும் அபாயத்தை எந்த ஏஜெண்டும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை.

விலாசக் கடைகளின் வசிப்பிடம் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1950 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வி.வி.ஆர்.என்.எம். சுப்பையா செட்டியார் வழக்கு என்று வரி வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது. கடை கொழும்பில், மனைவி மக்கள் கொழும்பில், வீடு வாசல் அங்கே. ஆனால் வழக்குக்குரிய கணக்காண்டில் அவர் இந்தியாவில் 101 நாள் இருந்திருக்கிறார். வழக்கு விவகாரங்களைப் பார்த்திருக்கிறார், இரண்டு கூட்டு வியாபாரங்களைத் தொடங்கியிருக்கிறார். கூட்டுக் குடும்பம் ஒன்று இந்தியாவில் வசிக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அதன் கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுக்க வெளிநாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். காட்டுகிற பொறுப்பு அவருடையது. கேட்ட ஆதாரங்களை அவர் தரவில்லை. குடும்பம் இந்தியாவிலும் வசித்ததாகவே தீர்ப்பானது. கிம்பர்லி வைரக் கம்பெனிக்கு லண்டன் பிரபுக்கள் வைத்த அதே அளவுகோல், தலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி, கொழும்புக் கடைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, 2004 மே மாதத்தில், ஒரு மலேசிய வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. பி.வி.ஏ.எல். குழந்தாகன் செட்டியார் நிறுவனத்துக்குப் பேராக்கின் ஈப்போவில் ரப்பர் தோட்டமும் சொத்தும் இருந்தன. தோட்ட வருமானத்துக்கும் சொத்து விற்ற லாபத்துக்கும் இந்தியா வரி கேட்டது. இந்தியாவும் மலேசியாவும் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தை வைத்து, அந்த வருமானம் மலேசியாவுடன் கட்டுண்டது, இந்தியா வரி போட முடியாது என்றது நீதிமன்றம். முதல் வழக்கில் தலை வென்றது, இரண்டாவதில் நிலம் வென்றது. இரண்டிலும் பதிவு எந்த ஊரில் என்பது பேச்சிலேயே பெரிதாக வரவில்லை. (இரண்டாவது தீர்ப்பை நம்பி இன்று யாரும் துள்ள வேண்டாம். ஒப்பந்தங்களில் ‘வரி விதிக்கலாம்’ என்று வரும் சொல்லுக்கு 2008-இல் இந்திய அரசு தனக்குச் சாதகமான விளக்கத்தை அறிவிக்கையாகவே வெளியிட்டுவிட்டது.)

தோட்டத்தில் பால்வெட்டியவருக்கு இந்த வசிப்பிட ஆராய்ச்சி எதுவும் எட்டவில்லை. அவருக்குக் கம்பெனி என்றால் பெரிய துரை, கிராணி, மண்டோர். 1947-இல் கெடாவின் ஹார்வர்ட், டப்ளின் தோட்டங்களைச் சுற்றித் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகவும் கூலிக்காகவும் எழுந்தபோது, எதிரே வந்தது போலீஸ். ஏ.எம். சாமியின் தலைமையில் நின்றவர்கள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட வேண்டிய முதலாளி இன்னொரு கண்டத்தில் இருந்தார். தோட்டங்களின் பெயரே அதைச் சொல்கிறது.

அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் நடந்த ஒரு பதிவை இந்த வரலாற்றின் மிகத் தெளிவான தேர்வு என்று சொல்வேன். சுதந்திரத்தின் முன்னும் பின்னும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் சிறு முதலாளிகள், லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960-இல் அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பணம், உழைப்பு, நிலம், பதிவு நான்கும் ஒரே நாட்டுக்குள் வந்தது அப்போதுதான். கம்பெனியாக இல்லாமல் கூட்டுறவாகப் பதிவு செய்ததும் யோசித்துச் செய்த காரியம். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு, பணம் படைத்தவர் பங்குகளை அள்ளிச் சங்கத்தையே விழுங்கிவிட முடியாது.

பெரிய கம்பெனிகள் வீடு திரும்ப இன்னும் கொஞ்ச காலம் ஆனது. வெளிநாட்டில் தொழில் நடத்தும் கம்பெனிகளுக்குப் பிரிட்டன் 1957-இல் கொடுத்த வரிச்சலுகையை 1965-இல் பறித்தது. லண்டன் பதிவு அதன்பின் வெறும் சுமை. 1906-இல் தொடங்கிய கோலாலம்பூர் ரப்பர் கம்பெனியின் வாரிசு 1973-இல் தன் சொத்து, கடன் எல்லாவற்றையும் மலேசியாவில் பதிவான கே.எல்.கே. பெர்ஹாட்டுக்கு மாற்றியது. கெடாவின் பெலாம், பத்து லிந்தாங் தோட்டங்கள் இன்று அதன் கையில்தான் இருக்கின்றன. சைம் டார்பி 1970-களின் இறுதியில் வந்தது. கத்ரி தானாக வரவில்லை. 1981 செப்டம்பர் 7 காலையில் லண்டன் பங்குச் சந்தையில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. நான்கு மணி நேரத்துக்குள் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. லண்டனில் பதிவாகியிருந்ததே அதற்கு வசதியாகப் போயிற்று என்பதுதான் இதில் உள்ள குறும்பு. திறந்த சந்தையில் யார் பணம் கொடுத்தாலும் விற்பார்கள். இவ்வளவு நடந்தும் ஒரு பால்மரம் கூட இடம்பெயரவில்லை.

இனி இன்றைக்கு வருவோம். திருச்சியிலோ ஈரோட்டிலோ இருக்கும் ஒருவர் சுங்கைப்பட்டாணியில் மசாலா அரைக்கும் ஆலை வைக்க நினைக்கிறார் என்று கொள்வோம். செட்டியார் போல் விலாசம் எழுதிக் கடை திறக்க அவரால் முடியாது. 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் தனி வணிகமும் கூட்டு வணிகமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

சிங்கப்பூரில் பதிவு செய்யலாம். அங்கே வரி 17 சதவீதம் என்று ஏஜெண்டு சொல்வார். ஆலை கெடாவில் இருந்தால் அந்தச் சிங்கப்பூர்க் கம்பெனி மலேசியாவில் வெளிநாட்டுக் கம்பெனியாக மறுபடியும் பதிவாக வேண்டும், 02 என்ற இலக்கத்தோடு. ஆலை ஈட்டும் லாபத்துக்கு மலேசிய வரி 24 சதவீதம். இரண்டு நாட்டில் கணக்கு எழுதி இரண்டு நாட்டில் ஆடிட்டருக்குக் கட்டணம் கட்டியதுதான் மிச்சம். லாபுவானில் லாபத்துக்கு 3 சதவீதம் என்பது உண்மைதான். அது லாபுவான் வழியாக வெளியுலகோடு செய்யும் தொழிலுக்கு, அதுவும் 2019 முதல் அங்கே உண்மையாகவே ஆளும் செலவும் இருந்தால் மட்டும். சுங்கைப்பட்டாணியில் மிளகாய் அரைப்பவருக்கு அதில் இடமில்லை.

மிஞ்சுவது செண்டிரியான் பெர்ஹாட். 2016-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 2017 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே ஆள், ஒரு வெள்ளி (ரிங்கிட்) மூலதனம், ஆயிரம் வெள்ளிப் பதிவுக் கட்டணம், முப்பது நாளுக்குள் ஒரு கம்பெனி செயலாளர். கேட்க எளிது. சிக்கல் 196-ஆம் பிரிவில் இருக்கிறது. டைரக்டர் ஒருவராவது மலேசியாவில் குடியிருக்க வேண்டும். இங்கே குடியிருக்க விசா வேண்டும், விசாவுக்கு விண்ணப்பிக்கக் கம்பெனி வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பலர் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயருக்கு டைரக்டராகப் போடுகிறார்கள். செட்டியார் முதலாளிகள் ஏஜெண்டுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தபோது அவனுடைய மூன்று தலைமுறையைத் தெரிந்துவைத்திருந்தார்கள். இன்று சிலர் ஒருமுறை காபி குடித்த பழக்கத்தில் கம்பெனியையே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான வேலை இந்தத் தொழிலில் இல்லை.

ஒரு வெள்ளி மூலதனமும் காகிதத்தில்தான். முழுக்க வெளிநாட்டார் கையில் உள்ள கம்பெனி வேலை விசா கேட்டால் செலுத்திய மூலதனம் ஐந்து லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். அரைக்கும் ஆலையோடு நிற்காமல் கடை திறந்து சில்லறைக்கு விற்பதென்றால் பத்து லட்சம். பங்குதாரர் நிதி 25 லட்சம் வெள்ளியைத் தொட்டாலோ, முழுநேர ஆட்கள் 75 பேரானாலோ, 1975-ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டப்படி உற்பத்தி உரிமம் தனியாக வாங்க வேண்டும்.

வரியில் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலை ஆண்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி லாபம் ஈட்டுகிறது. உள்ளூர்க்காரரின் சிறு கம்பெனி முதல் ஒன்றரை லட்சத்துக்கு 15 சதவீதம், மீதி நாலரை லட்சத்துக்கு 17 சதவீதம் என 99,000 வெள்ளி கட்டும். ஈரோட்டுக்காரரின் கம்பெனி நேரே 24 சதவீதம், அதாவது 1,44,000 வெள்ளி. வருஷம் 45,000 வெள்ளி வித்தியாசம். பதிவெண்ணில் 01 என்று இருப்பது இந்தப் பணத்தைத் திருப்பித் தராது. உள்ளூர்க் கூட்டாளியோடு போனால் சலுகை கிடைக்குமே என்றால், தன் பங்கை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 45,000 வெள்ளிக்காகக் கம்பெனியையே கைமாற்றிவிடுவது நல்ல வியாபாரம் இல்லை.

இந்தியப் பக்கமும் தலை பற்றிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கம்பெனியின் முக்கிய முடிவுகள் இந்தியாவில் எடுக்கப்பட்டால் அது இந்தியாவில் வசிப்பதாகக் கொள்ளும் விதி 2017-லிருந்து நடப்பில் உள்ளது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாய்க்கு உட்பட்டால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆகவே சிறு ஆலைக்காரர் பயப்பட வேண்டாம். வளர்ந்த பிறகு, ஈரோட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மலேசியக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பணம் அனுப்புவதற்கும் எல்லை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர்.

ஆக, கெடாவில் தொழில் என்றால் கெடாவை ஆளும் நாட்டிலேயே பதிவு செய்யுங்கள். செண்டிரியான் பெர்ஹாட் போதும், அதற்கு மேல் அடுக்குகள் வேண்டாம். பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே நிலமோ கட்டடமோ யார் பெயரில், எந்த வகை நிலம், ஒதுக்கீட்டு நிலமா, வாடகை ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று மாநில நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆலையை விற்க முடியும், கம்பெனியை மூட முடியும், டைரக்டரை மாற்ற முடியும். தவறான நிலத்தில் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் தவித்தவர்களின் பேரேடுகள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கின்றன. பினாங்கில் தங்கிக்கொண்டு இந்த வேலைகளைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் வார விடுமுறை சனி, ஞாயிறு, கெடாவில் வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அலோர் ஸ்டாருக்குப் போங்கள், அலுவலகம் திறந்திருக்கும்.